மங்கை அக்காவுக்கு எத்தனை கை?

பரவைக்கு அப்பால் திண்டுக்கல் ரோட்டில் இருந்த எங்கள் நூல் மில்லில் கம்ப்யூட்டர் என்றால் ஜனகராஜ்தான். தொண்ணூற்றேழில் இருந்தது ஒரே யூனிக்ஸ் சர்வர்; திரையும் கீபோர்டும் மட்டுமே கொண்ட எல்லாப் பிரிவு டெர்மினல்களும் அதோடு கட்டப்பட்டிருந்தன. எது நின்றாலும் அவரைக் கூப்பிடுவோம், ஃபேன் நின்றாலும்கூட. கே.கே. நகரிலிருந்து பஸ் மாறி வந்து இறங்கும்போதே மனிதருக்குப் பாதி உயிர்தான் இருக்கும்.

மத்தியானம் ஆனால் சர்வர் படுத்துவிடும். மேனேஜர் அனந்தநாராயணன் அவரைக் கூப்பிட்டு, "யார் மிஷினை இப்படித் திங்கறான்னு எனக்குப் பேர் தெரிஞ்சாகணும். ஆளை வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார்.

யூனிக்ஸில் அதற்கு வழி உண்டு. யார் பெயரில் எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று சர்வரே குறித்துக்கொள்ளும். ஆனால் நாம்தான் தொடங்கிவைக்க வேண்டும். ஜனகராஜ் தொடங்கினார். கரண்ட் போய் வந்ததும் அது நின்றிருந்தது. சர்வர் எழும்போதே அதுவும் எழும்படி எழுதிவைத்தார். குறிப்புகள் பெருத்து டிஸ்க் நிறைந்தது. தினமும் சுருக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொன்றுக்கும் வசவு அவருக்குத்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசியில் வந்த கணக்கில் முக்கால்வாசி ஒரே பெயர்: அலர்மேல்மங்கை.

சம்பளப் பிரிவு மங்கை அக்கா, சோழவந்தானிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர். கணவர் இல்லை, அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மேனேஜர் வேலைநீக்க ஆணையே தயார் செய்துவிட்டார். அக்கா ஜனகராஜ் முன் வந்து நின்று அழுதார்.

"நான் என்ன தம்பி செஞ்சேன்? காலையில எல்லாருக்கும் டெர்மினலத் தொறந்து வைக்கிறேன், அம்புட்டுத்தான?"

ஜனகராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். சர்வர் இருந்த கண்ணாடி அறைக்குள்ளேயே கிடந்தவருக்கு இந்தக் கூத்து தெரியாது. சர்வர் வந்த புதிதில் அக்கா திறந்த அன்று வேலை தடங்கலில்லாமல் முடிந்தது. கைராசி என்றோம். அன்றிலிருந்து எல்லா டெர்மினலிலும் அக்காதான் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துத் திறப்பார். சாயங்காலம் வரை அந்தப் பெயரிலேயே மொத்த மில்லும் வேலை பார்க்கும்.

மறுபடியும் உட்கார்ந்து, கணக்கை டெர்மினல் வாரியாகப் பிரித்தெடுத்துக்கொண்டு ஜனகராஜ் மேனேஜரிடம் போனார். களைப்போடு அதை மேஜையில் வைத்தார்.

"ஒரே நேரத்துல ஸ்டோர்ல, பஞ்சுக் கணக்குல, சம்பளத்துல, எல்லாத்துலயும் அக்கா பேருதான் ஓடுது. ஒரு ஆளுக்கு எம்புட்டுக் கை இருக்கும் சார்?"

மேனேஜர் ஆணையைக் கிழித்துப் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஸ்டோரில் தினமும் மத்தியானம் ஓட்டிய வருடக் கணக்குதான் சர்வரைப் படுக்கவைத்தது என்று தெரிந்து, அதை ஷிஃப்ட் முடிந்தபின் ஓடும்படி ஜனகராஜ் மாற்றினார். எல்லோருக்கும் தனித்தனிப் பெயரும் கொடுத்தார்.

அடுத்த வாரமே புது வருடக் கணக்குத் தொடங்கும் நாள் வந்தது. ராசி போய்விடுமோ என்று எங்களுக்கு உள்ளூரப் பயம். வெட்கம் கெட்டு, அவரவர் புதுப் பாஸ்வேர்டை அக்கா காதில் சொல்லி, அவர் கையாலேயே அடிக்கச் சொன்னோம். அக்கா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, என் ரூமுக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்."

அக்கா நின்றார்.

"எனக்கு எம்புட்டுக் கைன்னு தம்பி உங்ககிட்டக் கேட்டாராம்ல? ரெண்டுதான் சார். ரெண்டும் வலிக்குது."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனகராஜ் சிரித்தார். அந்த மில்லில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.