‘கீது’ என்று படித்த பிள்ளை

“உனக்கு இன்னாத்துக்குமே இந்த வம்பெல்லாம்? காலேஜுக்குப் போனோமா வந்தோமான்னு இல்லாம, கெழவி ஸ்கூல்ல போயி இன்னா பேசுனான்னு கேக்க வந்துட்ட. வேற வேல இல்ல உனக்கு?”

கீழ் வீட்டுப் பெண்ணை இப்படித்தான் திட்டினேன். அவள் எழுந்து போகவில்லை. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நான் திட்டியதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவருடைய அனுபவத்தைக் கேட்டு எழுதி வரும்படி கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம். நான் பேசுவதை அவள் புத்தகத் தமிழாக மாற்றி எழுதி, பிறகு எனக்குப் படித்துக் காட்டுகிறாள். கேட்டால் யாரோ பெரிய வீட்டு அம்மாள் பேசுவது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், இந்த வயதில் கிடைக்கிற மரியாதையை ஏன் விடவேண்டும்? மற்றவர்கள் பேசியதையும் நான் அவர்களிடம் பேசியதையும் மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையில் வம்பே அதில்தான் இருக்கிறது.

இது நடந்தபோது என் பேத்தி மூன்றாம் வகுப்பு. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால், கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற ரோட்டோரத்துப் பள்ளிக்கூடம். அவளுடைய அம்மா, அதாவது என் மகள், மாதவரத்தில் துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். விடிந்ததும் கிளம்பினால் இருட்டியபிறகுதான் வருவாள். ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்து எதற்குக் கூப்பிட்டாலும் போவது நான். அப்படிப் போய்ப் போய்த்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னையும் ஓர் ஆளாகப் போட்டார்கள். பகலில் வீட்டில் இருக்கிற ஆள், வாய் உள்ள ஆள் என்று தேடினால் எங்கள் தெருவில் வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன். எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் அடையாளம் தெரியும். கூட்டமாக வந்தால் யார் யார் என்று தெரியாது. இது தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நாற்பது வருடம் பாடியிருக்கிறேன். பாட்டெல்லாம் காதால் பழகியது. பக்கத்தில் நிற்கிறவள் தாளைத் திருப்பினால் நானும் திருப்புவேன். தெருவில் நோட்டீஸ் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கொண்டுவந்தவள் முகத்தைப் பார்ப்பேன், முத்திரையைப் பார்ப்பேன், நாலு கேள்வி கேட்பேன், பிறகு ‘படித்து’ச் சொல்வேன். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். ஒரே ஒருமுறை காதுகுத்துப் பத்திரிகையைக் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லிவிட்டேன்; ஒரு குடும்பமே பட்டுப்புடவையில் போய் நின்றது.

அந்த வருடம் பள்ளி திறந்ததும் இரண்டு விதமான தமிழ்ப் புத்தகங்கள் வந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்க மாவட்டம் முழுவதற்கும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் சில பள்ளிகளில் இரண்டையும் நடத்திப் பார்ப்பது, பிறகு அந்தந்தப் பள்ளியின் குழு எது நல்லது என்று எழுதிக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு புத்தகத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு சொல், பிறகு வரி. கறுப்பு வெள்ளை, பார்த்தாலே கொட்டாவி வரும். இன்னொன்று பளபளவென்று கதைப் புத்தகம். பக்கத்துக்குப் பெரிய படம், கீழே இரண்டு வரி. டீச்சர் படிக்க, பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்லிச் சொல்லியே வாசிக்கப் பழகவேண்டும். ஏ பிரிவுக்கு எழுத்துப் புத்தகம், பி பிரிவுக்குக் கதைப் புத்தகம். என் பேத்தி ஏ பிரிவு. கதைப் புத்தகம் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் அழுதாள்.

மூன்று மாதம் கழித்து வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா ஸ்கூட்டரில் வந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு மேல், நடு, கீழ் என்று மூன்று குழுவாகப் பிரித்தார். கீழ்க் குழுப் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தமிழ் நேரத்தில் ஒன்றாம் வகுப்பு அறையில் போய் உட்காரவேண்டும்.

அன்று மதியம் பேத்தி ஒரு சீட்டோடு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. சீட்டை விரித்து அவளே படித்தாள்.

“ஆயா, எய்த்து தெர்லன்னு கீது. படத்த பாத்து சொல்றாளாம். ஒண்ணாங்கிளாஸ் பசங்க கூட குந்தணுமாம்.”

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தட்டில் மீன் குழம்பு ஆறிப்போயிற்று. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எழுத்துத் தெரியாது என்று எழுதியிருக்கிற சீட்டை இவள் எப்படிப் படித்தாள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். தலைமையாசிரியை, வகுப்பு டீச்சர், அந்தப் பயிற்சியாளர் அம்மா மூவரும் எதிரே. எங்களுக்குக் காட்டுவதற்காக இரண்டு பிரிவிலிருந்தும் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பி பிரிவிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து கதைப் புத்தகத்தைப் படித்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கியும் அவள் நிறுத்தவில்லை. அம்மாக்கள் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவள் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தேன். கண் படத்தில் இருந்தது, சில சமயம் ஜன்னலில் இருந்தது. வரி முடிவதற்கு முன்பே தாள் திரும்பியது. அந்தத் தாள் திருப்புதல் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் என் கட்சிக்காரி. காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சும்மா இருந்தேன்.

அடுத்து என் பேத்தி. அவள் கையில் வாசிப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மேலே கடல் படம், கீழே வரிகள். விரலை வைத்து, நின்று நின்று படித்தாள்.

“கடல்ல... போட்டு கீது. போட்ல... வல கீது. அப்பா வூட்டுக்கு... வர்றாரு.”

பின்னால் இரண்டு அம்மாக்கள் சிரித்தார்கள். பயிற்சியாளர் அம்மா அட்டையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, இதில் படகு என்றும் இருக்கிறது என்றும்தான் அச்சிட்டிருக்கிறது, பிள்ளை படத்தைப் பார்த்துத் தன் போக்கில் சொல்கிறாள், இப்படி உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால்தான் நல்லது என்று பொறுமையாக விளக்கினார். கெட்ட மனுஷி இல்லை. பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். பேத்தி அட்டையிலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள்.

நான் எழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

“இந்தக் காயிதத்துல படம் எங்க கீதும்மா?”

அவருக்குப் புரியவில்லை. பேத்தி நேற்று இந்தச் சீட்டைத் தானே படித்துச் சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார்.

“நீங்க படிச்சுச் சொல்லியிருப்பீங்க பாட்டி. அதைக் கேட்டு அவ சொல்லியிருப்பா.”

நியாயமான பேச்சு. தெருவுக்கே நோட்டீஸ் படித்துச் சொல்கிறவள் பேத்தியின் சீட்டைப் படித்திருக்கமாட்டாளா? பின்னால் திரும்பிப் பார்த்தேன். நான் ‘படித்து’க் கொடுத்த நோட்டீஸ்களை நம்பிய முகங்கள் நாலைந்து அங்கே இருந்தன. ஜகா வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, மெய்யாகவே நினைத்தேன். திங்கட்கிழமை பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போனால் போகட்டும், பிள்ளைகளுக்கு எல்லாம் மறந்துவிடும் என்று மனம் சொன்னது. ஆனால் அந்த விரல் இன்னும் அட்டைமேலேயே இருந்தது, எடுத்தால் வரி தொலைந்துவிடும் என்பது போல.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. கையெய்த்து மட்டும்தான். வூட்ல அந்த நேரத்துல வேற ஆளும் இல்ல.”

வெளியே லாரிகூட அப்போது பார்த்துத்தான் அமைதியாக நின்றது. அதன்பிறகு வாய் தானாக ஓடியது. கோயில் பாட்டுப் புத்தகத்தைச் சொன்னேன், பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துத் தாள் திருப்புவதைச் சொன்னேன். படிக்காமல் படிப்பது எப்படி என்று என்னைக் கேளுங்கள், அது என் தொழில் என்றேன். படிக்கிற மாதிரி உதார் விடுகிறவர்கள் ஒருநாளும் தப்பாகச் சொல்லமாட்டார்கள், திக்கவும் மாட்டார்கள், புத்தகத்தில் உள்ளபடியே சொல்வார்கள் என்றேன். எந்தப் பிள்ளையையும் கை காட்டவில்லை.

பயிற்சியாளர் அம்மா சீட்டை மடித்து வைத்தார். பிறகு தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, யாரும் பார்த்திராத இரண்டு வரியை எழுதி, படம் எதுவும் போடாமல் பேத்தியிடம் கொடுத்தார். அவள் விரலை வைத்தாள்.

“டீச்சர் வண்டி... வெளிய நிக்கிது. அதுமேல... ஒரு காக்கா குந்திகினு கீது.”

அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தன் ஸ்கூட்டரை எட்டிப் பார்த்தார். எழுதியது அவரேதான், இருந்தாலும் பார்த்தார். பிறகு வகுப்பு டீச்சரிடம் தாளைக் காட்டினார். அதில் ‘நிற்கிறது’ என்றும் ‘காகம் உட்கார்ந்திருக்கிறது’ என்றும்தான் எழுதியிருந்ததாம். “எழுத்தைப் படிச்சு, அர்த்தம் புரிஞ்சு, வீட்டுப் பேச்சுக்கு மாத்திச் சொல்றா” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். அவர் கையில் இருந்த படிவத்தில் சரி, தவறு என்று இரண்டு கட்டம்தான் உண்டு. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் ஓரத்தில் சின்னதாக ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு அவரே இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் மறுபடி கூப்பிட்டு, படங்களின்மேல் நோட்டை வைத்து மறைத்துப் படிக்கச் சொன்னார். என் கட்சிக்காரி முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதைப் புத்தகத்தைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றால் ஆசை இருக்கிறது. ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரிகிறது, புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறார்கள்.

வகுப்பு டீச்சர் ஒன்று கேட்டார். “படிக்கிறது சரி ஆயா. பரீட்சையிலயும் கீதுன்னே எழுதினா நான் எப்படி மார்க் போடுறது?” அவர் கேட்டதும் நியாயம்தான். பேத்தியின் நோட்டைப் பார்த்தால் வூடு என்றுதான் எழுதியிருக்கிறாளாம். எங்கள் வாயில் ஒரு தமிழ், தாளில் ஒரு தமிழ். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை தினமும் போய்வருகிறாள். வழி தெரியாமல் நிற்கிறாள் என்று சொன்னார்களே, அதுதான் பொய். ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழும் அவளுக்கு வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் என்னைப்போல நோட்டீஸின் முத்திரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும்.

குழுவின் கருத்தைத் தலைமையாசிரியை எழுதினார். எழுத்துப் புத்தகமும் வேண்டும், கதைப் புத்தகமும் வேண்டும். வாசிக்கச் சொல்லிப் பார்க்கும்போது படத்தை மறைக்கவேண்டும். பிள்ளை வீட்டுச் சொல்லைச் சொன்னால் தவறு என்று போடுமுன் எந்தச் சொல் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லவேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்தை அன்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் மாவட்டம் முழுவதற்கும் கதைப் புத்தகமே வந்தது, கூடவே ஒல்லியாக ஓர் எழுத்துப் பயிற்சி நோட்டும் வந்தது. எங்கள் தாளை யாராவது படித்தார்களா, இல்லை அதையும் முத்திரையைப் பார்த்தே முடிவு செய்தார்களா, எனக்குத் தெரியாது.

பேத்தியை நடுக் குழுவில் போட்டார்கள். மேல் குழு கிடைக்கவில்லை என்று அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை.

கூட்டம் முடிந்து நான் மூட்டுவலியோடு நடந்து வீடு சேருவதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கையில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருடம் எங்களை டபாய்த்தாயா என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். பேத்தி கதி என்ன, ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்களா என்று இன்னொருத்தி கேட்டாள். குடத்தை இறக்கி வைத்தேன்.

“பாப்பா அங்க குந்தமாட்டா. அந்த எடம் காலியாத்தான் கீது, டீச்சரம்மா என்னிய வரச் சொல்லிட்டாங்க” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யார் என்று உன் நோட்டில் எழுதாதே. அவர்கள் பக்கம் திரும்பாமல், பொதுவாகச் சொல்கிற மாதிரி சொன்னேன்:

“பெஞ்சு நீளமாத்தான்மே கீது. யாருக்குனா வேணும்னா சொல்லுங்க, நவுந்து குந்துறேன்.”