வெண்டெலுக்கு இலவசமாகக் கிடைத்த பூட்டு

எல்க் ஃபோர்க்கில் பூட்டுக்காரர் வெண்டெல் கிராட்ஸ் கை வைக்காத கதவு கிடையாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில், ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள ஊர். சாவியைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு விழிப்பவர்கள், விவாகரத்தான மறுநாள் பூட்டை மாற்றச் சொல்பவர்கள், எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். போலீஸ் அதிகாரியான ஷெரிப்பே ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார். யார் வீட்டுப் பூட்டை எதற்காக மாற்றினோம் என்று வெண்டெல் இதுவரை வாய் திறந்ததில்லை. அதனாலேயே ஊரில் அவருக்குத் தனி மரியாதை.

அந்த மரியாதைக்கு வேட்டு வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி மார்லிஸோடு மதுக்கடையில் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையிலிருந்து ஹார்டுவேர் கடைக்காரர் வெர்லின் தன் போனை நீட்டினார்.

"யோவ் கிராட்ஸ், ஊருக்கே பூட்டுப் போடுற ஆளு நீ. உன் வெப்சைட்டைத் திறந்தா மேல என்ன எழுதியிருக்கு பாரு. 'பாதுகாப்பானது அல்ல'. நான் சொல்லலப்பா, அதுவே சொல்லுது."

கடை முழுக்கச் சிரித்தது. வெண்டெல் பாதி மீனோடு தட்டைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் தன் கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டார்: 'எங்கள் பூட்டுகள் பாதுகாப்பானவை. கம்ப்யூட்டர் சொல்வதை நம்பாதீர்கள்.' அதுவரை விஷயம் தெரியாதவர்களும் அதைப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் அப்படி என்னதான் சொல்கிறது என்று போய்ப் பார்த்தார்கள்.

"ஊருக்கே தண்டோரா போட்டாச்சு. இப்பவாவது அந்த வெப்சைட் கம்பெனிக்குப் போன் பண்றியா?" என்றாள் மார்லிஸ்.

வெப்சைட்டுக்கு இடம் கொடுக்கும் கம்பெனியில் ஷானிஸ் என்ற பெண் போனை எடுத்தாள்.

"உங்க பூட்டை யாரும் குறை சொல்லல சார். உங்க வெப்சைட் பக்கத்துல ஜனங்க எழுதி அனுப்புறது மறைக்காம வெட்டவெளியில போகுது. வழியில எவன் வேணா படிக்கலாம். அதைத்தான் சொல்லுது."

"என்னத்தப் பெருசா எழுதிடப் போறாங்க?"

"நீங்களே பாருங்களேன் சார்."

வெண்டெல் வெப்சைட் வழியாகக் கடைசியாக வந்த செய்தியைத் திறந்தார். 'மேப்பிள் தெரு, பச்சை வீடு. வியாழன்வரை ஊரில் இருக்க மாட்டோம். பின்கதவு தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. சும்மா தள்ளினால் திறக்கும்.'

தான் இறுக மூடி வைத்த வாயை இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இத்தனை வருஷமாகத் திறந்தே வைத்திருந்திருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, ஒரு நல்ல பூட்டாப் போடு. விலை என்ன?" என்றார்.

"இலவசம் சார்."

"இலவசமாக் குடுக்குறதெல்லாம் ஒரு பூட்டாம்மா?"

"நல்ல பூட்டுதான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை காலாவதியாகும், அவ்வளவுதான்."

"மூணே மாசமா? அப்படி ஒரு பூட்டை நான் வித்தா இந்த ஊர்ல என்னைக் கட்டி வச்சு உதைப்பாங்க."

"தானாவே புதுசா மாறிக்கும் சார். நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்."

"அப்ப சாவி யாருகிட்ட இருக்கும்?"

ஷானிஸ் சிரித்துவிட்டாள். "எங்க கம்ப்யூட்டர்கிட்டயே பத்திரமா இருக்கும். இதுவரைக்கும் யாருமே இதைக் கேட்டதில்ல சார்."

காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வெண்டெல் நேராக வெர்லின் மேஜைக்குப் போனார்.

"இப்பத் திறந்து பாருய்யா. அந்த எச்சரிக்கை இருந்த இடத்துல பூட்டுப் படம் இருக்கும்."

வெர்லின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகே கொண்டுபோனார். "எச்சரிக்கையைக் காணோம். பூட்டுப் படமும் காணோமேப்பா."

உண்மைதான். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கடைக்காரனே யோக்கியன் என்று நம்பிவிடுகிறார்களாம். அதனால் பிரவுசர் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள் என்று மார்லிஸ் தன் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். "ஒழுங்கா இருந்தா ஒண்ணும் காட்டாதாம், வெண்டெல்."

"நமக்குப் பூட்டு வர்ற நேரம் பாத்தா எடுக்கணும்?" என்று நொந்துகொண்டே அவர் மீனுக்கு ஆர்டர் சொன்னார்.

திங்கட்கிழமை ஒட்டிலி பிராண்ட் என்ற விதவை போன் செய்தார். "கடையை மூடிட்டீங்களா வெண்டெல்?"

"இல்லையே. ஏன் கேக்குறீங்க?"

"கம்ப்யூட்டர்ல 'பாதுகாப்பானது அல்ல'ன்னு இருக்கும்ல, அதை வச்சுத்தான் உங்க பக்கம்னு கண்டுபிடிப்பேன். இப்பக் காணோம். வேற யாருதோன்னு பயந்து மூடிட்டேன்."

வெண்டெல் தலையைச் சொறிந்துகொண்டார். "என்ன வேலைன்னு போன்லயே சொல்லுங்கம்மா. நான் வர்றேன்."

கொட்டகைக் கதவு இறுகிப் போயிருந்ததாம். எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.