அத்தையின் மண்மேசை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மண்ணே கிடையாது. வாசல்படியிலிருந்து பின்பக்கத்துத் துணி துவைக்கும் கல் வரைக்கும் வீட்டுக்காரர் கடப்பாக்கல் பாவி வைத்திருந்தார். பெய்த மழை நின்று பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடித் தெருச் சாக்கடையில் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் என் அத்தை ஒருநாள் தனக்குத் தோட்டம் வேண்டும் என்றாள்.

அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த கனமான பூட்ஸை மாட்டிக்கொண்டு, கைத்தடி ஊன்றி நடப்பாள். முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் போட்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களின் ஜாக்கெட், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் அவளிடம்தான் வரும். பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு இறுக்கிப் பிடிக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம், போன வருஷத்து ஜாக்கெட்டை அனுப்பினால் போன வருஷத்து உடம்பையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்க வேண்டும் என்பாள். அவள் வாய்க்குப் பயந்தவர்களும் அவள் கைக்காக வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

தோட்டம் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அம்மா சிமெண்டுத் தொட்டிகள் வாங்கி வரிசையாக வைக்கலாம் என்றாள். தொட்டி என்றால் குனிய வேண்டும். குனிந்தால் அத்தையால் பிடிமானமில்லாமல் எழ முடியாது. அப்பா தார் டிரம்மை நீளவாக்கில் வெட்டிக் கால் வைத்துத் தருவதாகச் சொன்னார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி இருக்கும், வெயிலில் தகரம் சுட்டால் வேரும் சுடும் என்று அத்தை அதையும் தள்ளிவிட்டாள். கடைசியில் அவளே சொன்னாள்.

“மண்ணுகிட்ட நான் எறங்கிப் போக முடியாதுண்ணா. மண்ணுதான் என் ஒசரத்துக்கு ஏறி வரணும்.”

அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். வெளியூரிலிருந்து மெஷின் வந்து இறங்கும் மரப்பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். அத்தையைத் தையல் ஸ்டூலில் உட்காரச் சொல்லி, அவள் முழங்கை வருகிற உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தார். பிறகு கையை நீட்டச் சொல்லி, விரல்நுனி எட்டுகிற தூரம்தான் அகலம் என்று முடிவு செய்தார். ஒரு பக்கம் சுவர் இருப்பதால் அதற்கு மேல் போனால் அந்த இடம் வீண். பின்பக்கத்தில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, அதன்மேல் பலகைப் பெட்டியை ஏற்றி, தண்ணீர் வடிய அடியில் துளை போட்டு, உள்ளே சாக்கு விரித்தார். செம்மண், மாட்டெரு, தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்து கொட்டி நிரப்பினோம். கொட்டியவள் பெரும்பாலும் அம்மா. நான் கலக்கினேன், குளித்தேன். மறுபடியும் கலக்கினேன்.

வீட்டில் அதற்கு மண்மேசை என்று பேராகிவிட்டது. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் அந்த மண்ணுக்குள் விட்டுக்கொண்டு சும்மா இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கொத்தமல்லியும் மெந்திய சொப்பும்தான் முதலில் போட்டாள். வெந்தயக்கீரைதான்; எங்கள் வீட்டில் கீரையைச் சொப்பு என்றுதான் சொல்வோம். கன்னடம் என்று தெரியாமலே சொல்வோம். நன்றாகத்தான் முளைத்தது. ஒரு மே மாதத்துச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை வந்து அத்தனையையும் படுக்க வைத்துவிட்டுப் போனது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்து ஏறி முடித்தன. இதற்கு மூடி வேண்டும் என்றாள் அத்தை.

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பீன்யா போகிற பஸ்ஸில் அப்பாவுக்குப் பழக்கமானவர். ஊருக்கு வெளியே அப்போது ரோஜாப்பூ வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பசுமைக்குடில்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் இருந்தார். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். நெற்றியில் சின்னதாகத் திருநீறு இருக்கும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வந்து, அம்மா குக்கர் வைக்கிற நேரத்துக்கு அவர் வந்து சேர்வார். எனக்கு அவர் ஷீட் அங்கிள்.

முதல்முறை மூன்று விதமான ஷீட் துண்டுகளைக் கொண்டுவந்து அத்தை முன்னால் விரித்தார். ஒன்று கண்ணாடி மாதிரி மெல்லிசு, ஒன்று தடித்தது, ஒன்று பால் கலந்தது போலிருந்தது. அத்தை துணி பார்ப்பதுபோலக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பால் நிறத்து ஷீட்டுக்குள் வெயில் சுள்ளென்று அடிக்காமல் பரவி விழும் என்று அவர் சொன்னார். அதையே எடுத்துக்கொண்டாள். ஓரம் மடித்துத் தைத்துவிடலாமா என்று கேட்டாள்.

“தைக்கக் கூடாதுங்க மேடம். ஊசி போன எடத்துலேர்ந்து கிழிய ஆரம்பிச்சிடும்.”

“அப்ப எனக்கு இதுல வேலையே இல்லன்னு சொல்லுங்க.”

“இருக்குங்க. வெயில் ஏறினா தெறந்து விடணும், சாயங்காலம் மூடணும். மறந்தா உள்ள செடி வெந்துடும். இதுக்குன்னு ஒருத்தர் வீட்டுலயே இருக்கணும்.”

வீட்டிலேயே இருப்பதை அதுவரை யாரும் அவளிடம் ஒரு தகுதியாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

எலெக்ட்ரிக் வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாய்களை வில்லாக வளைத்துப் பெட்டியின் இருபுறமும் செருகி, மேலே ஷீட்டைப் போர்த்தி, நைலான் கயிற்றால் கட்டினார். பார்க்கக் கூண்டு வண்டி மாதிரி இருந்தது. அடுத்த வாரம் குடமிளகாய் நாற்றுகளைக் கொண்டுவந்தார். குளிர்கால விடியலில் நான் பல்கூடத் தேய்க்காமல் ஓடி, ஷீட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொள்வேன். ஊரெல்லாம் குளிர்ந்து கிடக்க அதற்குள் மட்டும் கதகதப்பாக, ஈர மண்ணும் இலையும் கலந்து வாசம் அடிக்கும். அத்தை என் காலைப் பிடித்து இழுக்கிற வரை வெளியே வர மாட்டேன்.

அந்த மூடி ஒரு வாரம் ஒழுங்காக இருந்ததில்லை. கயிறு தளர்ந்துவிடும், குழாய் ஒன்று கழன்றுகொள்ளும், ஷீட் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சரிசெய்வார். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து முனையைப் பிடித்துக்கொள்வாள், அவர் கட்டுவார். பேச்சு எல்லாம் செடியைப் பற்றித்தான். பூ ஏன் உதிர்கிறது, இலை ஏன் சுருள்கிறது, தண்ணீர் காலையிலா மாலையிலா என்று போகும். ஒரு குடமிளகாய்ச் செடியைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. போகப்போக அவர் மேடம் என்று சொல்வதை விட்டுவிட்டார். பழகியதும் மரியாதை குறைந்துவிட்டது என்று நான் அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தை தையல் கத்திரியின் முனையைக் கயிற்று முடிச்சுக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன அத்தை என்றேன். செடிக்குக் காற்று போக வேண்டாமா என்றாள். சரிதானே என்று நானும் போய்விட்டேன்.

பச்சையாக இருந்த காய்கள் தையிலிருந்து சிவக்கத் தொடங்கின. அந்த நாட்களில் அம்மா ஒருமுறை அப்பாவிடம், அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா என்று கேட்டது காதில் விழுந்தது. ஷீட் கட்ட வருகிறவரிடம் அதெல்லாம் எதற்கு என்றார் அப்பா. தட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார்.

அதற்கப்புறம் அப்பா தினமும் ஷிஃப்ட் முடிந்து தாமதமாக வந்தார். ஒருநாள் ஆட்டோவில் ஒரு பெரிய இரும்புச் சட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவரே வெல்டிங் பிடித்தது. சரிவான கூரை, வெளிச்சம் விடுகிற ஃபைபர் ஷீட், சுவர்ப் பக்கம் இரண்டு கீல், தூக்கி நிறுத்தி வைக்க ஒரு கொக்கி. அத்தை ஒரு விரலால் தூக்கினால் திறந்துகொள்ளும். எனக்கு ஒரே கொண்டாட்டம். நானும் அப்பாவும் சட்டத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்தோம். பழைய குழாய்களையும் ஷீட்டையும் சுருட்டி அம்மா பரணில் போட்டாள்.

“இனிமே ஒனக்கு யாரோட தயவும் வேணாம்மா,” என்றார் அப்பா.

அத்தை மூடியை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறதண்ணா என்றாள். அவள் குரலில் கேலி கொஞ்சமும் இல்லை. தங்கைக்குக் கஷ்டமில்லாமல் இருக்கட்டும் என்றுதான் அப்பா அதைச் செய்தாரா, இல்லை அந்தச் சட்டத்துக்குள் வேறொரு கணக்கையும் வைத்துப் பற்றவைத்தாரா என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் சொல்ல முடியவில்லை. கேட்பதற்கு அவரும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷீட் அங்கிள் கயிற்றுச் சுருளோடு வந்தார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார். பிறகு கிட்டே போய்ச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், கீலை அசைத்துப் பார்த்தார். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது, இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்குப் பெருமை. அம்மா காப்பி கொடுத்தாள். அதை அவர் நின்றபடியே குடித்தார். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் இருந்த யூனிஃபார்ம் ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் கேட்டைத் தாண்டியதும் அத்தை மூடியைத் திறந்து, சிவந்த காய் எல்லாவற்றையும் கத்திரியால் கத்தரித்து ஒரு துணிப்பையில் போட்டாள். ஓடிப் போய் அவரிடம் கொடுத்துவிட்டு வா என்றாள்.

மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றிருந்தார். பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

“அவங்களா குடுத்தாங்க?”

“ஆமா அங்கிள்.”

“வேற ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?”

இல்லை என்றேன். அத்தை சொல்லவில்லைதானே. அதற்குள் சிவாஜிநகர் பஸ் ஒன்று வந்து நின்று, போயும் விட்டது. அவர் ஏறவில்லை. அங்கிள் பஸ் போயிடுச்சு என்றேன். அடுத்தது வரும், நீ பார்த்துப் போ என்றார். நான் தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது அடுத்ததும் வந்து போனது. அப்போதும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். அதை நான் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். வருகிற பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு நிற்கிறார், நம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றால் பஸ் எப்படிக் கண்ணில் படும் என்று சொல்லிச் சிரித்தேன்.

அத்தை மடியிலிருந்த துணியை எடுத்து மெஷின்மேல் வைத்தாள். பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டினாள். வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பக்கிள் போடுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. நானும் வருகிறேன் என்றேன், வாடி என்றாள். என் தோளில் ஒரு கை, தடியில் ஒரு கையாக, அன்றைக்கு அவள் நடந்த மாதிரி நடந்து நான் பார்த்ததில்லை. அப்படியும் எனக்கு அது மெதுவாகத்தான் இருந்தது. சீக்கிரம் வா அத்தை, சீக்கிரம் வா என்று நச்சரித்துக்கொண்டே போனேன்.

நாங்கள் போனபோது ஸ்டாப்பில் யாரும் இல்லை. சிவப்பு பஸ் ஒன்று தூரத்தில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

“நல்லவேளை அத்தை, பஸ் கெடச்சிடுச்சு அவருக்கு,” என்றேன்.

ஆமாம் என்றாள். திரும்பிப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

“கால் வலிக்குதுடி. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்.”

நின்றோம். பஸ்கள் வந்தன, போயின. கண்டக்டர் ஒருவர் ஏறுகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அத்தை இல்லை என்று கையை ஆட்டினாள். பின்னால் ஸ்டாப்பின் சிமெண்டுத் திண்டு காலியாகக் கிடந்தது. கால் வலிக்கிறவள் உட்கார்ந்தல்லவா இருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நான் பாட்டுக்கு அவள் பக்கத்தில் நின்று, போகிற வண்டிகளின் நம்பர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.