பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம்

என் மகள் சுமதிக்குப் பதினொரு வயது நடந்தபோது, அவள் சாப்பிட்டு எழ ஒரு மணி நேரம் ஆகத் தொடங்கியது. சோற்றைத் தட்டில் பரப்பி, பருக்கை பருக்கையாக விரலால் ஒதுக்கிப் பார்ப்பாள். பிறகு கேட்பாள்: "ஏனுங்கப்பா, ஊசி ஒண்ணும் இல்லீங்கல்ல?"

நான் பனியன் கம்பெனியில் டெய்லர். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வேலை, அந்தப் பக்கத்து ராயபுரத்தில் வாடகை வீடு. தைக்கும்போது ஊசி உடைவது சாதாரணம். ஒருநாள் உடைந்த துண்டு ஒன்று என் சட்டையில் சிக்கி வீடுவரை வந்துவிட்டது. அதைப் பிள்ளைகளிடம் காட்டி, "சோத்துல விழுந்திருந்தா என்னாயிருக்கும்" என்று சிரித்தேன். எல்லாம் அந்தச் சிரிப்பால் வந்தது என்று வெகுநாள் நம்பினேன். ஊசி இல்லாவிட்டால் அந்தப் பயம் வேறொன்றைப் பிடித்திருக்கும் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்வதில் பல மாதங்கள் வீணாகின்றன. அதனால்தான் முதலிலேயே இதை எழுதுகிறேன்.

"இல்ல கண்ணு, சாப்புடு" என்று ஒரு தடவை சொன்னால் போதுமாக இருந்தது. ஒரே மாதத்தில் அது முப்பது, நாற்பது தடவை ஆயிற்று. நான்கு வயதுத் தம்பி பிரபுவின் தட்டையும் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவன் வாய்க்குப் போன கையைத் தட்டிவிட்டாள். என் மனைவி ஈஸ்வரி அவளை அடித்துவிட்டாள். அடி விழுந்தும் சுமதி அழவில்லை. தம்பியின் வாயைத் திறந்து, நாக்குக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

உடைந்த ஊசியைப் பொறுக்கக் கம்பெனியில் சின்னக் காந்தம் வைத்திருப்போம். அதேபோல ஒன்றை வாங்கி வந்து, ஒவ்வொரு வேளையும் தட்டுகளின் மேல் காட்டினேன். குழந்தைக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். அவள் சாப்பிடுவது இன்னும் குறைந்தது.

பக்கத்து மருத்துவர் பூச்சி மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். பல்லடம் பக்கம் ஒருவரிடம் மூன்று அமாவாசை போய்க் கயிறு கட்டினோம். கோவையில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். கோளாறு இல்லை என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். சுமதி வகுப்பில் தூங்கி விழுந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினோம்.

வகுப்பாசிரியைதான், "மனநல டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். வீட்டில் சொன்னேன்.

"பைத்தியம்னு பேர் வந்துட்டா நாளைக்கு யாருங்க இவளக் கட்டுவா?" என்றாள் ஈஸ்வரி.

"இப்படியே போனா நாளைக்குன்னு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டேன். அவள் போய்ப் பிள்ளையின் துணிகளை எடுத்து வைத்தாள்.

கோவையில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு அது. மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. எங்களை வெளியே அனுப்பிவிட்டுச் சுமதியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட சொல்லலாம்னு அவளே சொல்லிட்டா. ஊசி தானா விழுந்திருக்கும்னு அவ பயப்படல. தம்பி சோத்துல நாமளே போட்டுட்டமோன்னு பயப்படறா."

எனக்குப் புரியவில்லை. "இவளாங்க? அவன் மேல உசுரா இருப்பாளுங்க."

"அதனாலதான் இந்தப் பயம். ரொம்பப் பிடிச்சவங்க மேலதான் இந்த எண்ணம் வந்து நிக்கும்."

சுமதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா காந்தத்த வெச்சுப் பாக்கறப்பெல்லாம், நாந்தான் போட்டேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேனுங்க."

ஒன்பது மாதம் அவள் அந்த நினைப்போடு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வருவதும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும்) என்றார் மருத்துவர். மாத்திரை தந்தார். பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரை நிறுத்தக் கூடாது என்றார். மாத்திரையால் சுமதிக்கு வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது. கூடவே எதிர்கொள்ளும் பயிற்சி (பயம் வரும் இடத்தில் இருந்துகொண்டே, சோதித்துப் பார்க்காமல் பொறுத்திருப்பது).

வீட்டில் எங்களுக்கும் ஒரு விதி இருந்தது. காந்தம் கிடையாது, கேள்விக்குப் பதிலும் கிடையாது. பதில் சொல்லச் சொல்லப் பயம் வளரும் என்றார் மருத்துவர்.

முதல் நாள் சுமதி சோற்றைப் பார்க்காமல் பிசைந்து தம்பிக்கு ஒரு வாய் ஊட்ட வேண்டும். ஊட்டினாள். உடனே கேட்டாள். ஈஸ்வரி, "டாக்டரம்மா சொன்னது உனக்கே தெரியும் கண்ணு. நான் பக்கத்துலயே இருக்கறேன்" என்றாள். நாற்பது நிமிடம் சுமதி அழுதாள், கையைப் பிறாண்டினாள், என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். ஈஸ்வரி அசையவில்லை. கடைசியில் அழுகை தானாகவே தணிந்தது. பிரபு இன்னொரு வாய் கேட்டான்.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. "இல்ல சாமி" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவளுக்கு முன்னைவிட மோசம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். உங்களுக்கும் இது நடக்கும். நடந்தால் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

நாற்பது நிமிடம் இருபத்தைந்தாகி, பிறகு பத்தானது. நான்காம் மாதம் ஒருநாள் அவள் கேட்கவே மறந்துவிட்டாள். வருட முடிவில் பாவாடைக்கு ஊக்கு தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயம் நோய் திரும்பியது, வேறு உருவத்தில்: எழுதிய விடையை அழித்து அழித்து எழுதினாள். இந்த முறை நாங்கள் எங்கும் அலையவில்லை. நேராகக் கோவைக்குப் பஸ் ஏறினோம்.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரை நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முழுக்கக் குணமா என்று கேட்பவர்களுக்கு, இன்றைக்கு நன்றாக இருக்கிறாள் என்று சொல்லப் பழகிவிட்டேன். எங்கள் வீட்டில் காலத்தை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் என் உடம்பு அவள் அளவுக்குத் தேறவில்லை. அவள் கை தட்டுக்கு மேல் ஒரு நொடி நின்றால் என் கையும் சோற்றோடு நின்றுவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் கவனித்துவிட்டாள்.

"அப்பா, நான் சாப்புட்டுக்கறேனுங்க. நீங்க உங்க சோத்தச் சாப்புடுங்க."

நான் தலையைக் குனிந்து என் தட்டைப் பார்த்தேன். ஒரு வாய் எடுத்து மென்றேன். எத்தனையோ வருடம் கழித்து, ரசத்தில் உப்பு குறைவு என்று தெரிந்தது.