அட்டை ரயிலில் டெல்லி வரை

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டில், பழைய விளையாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. பாம்பும் ஏணியும் மட்டுமே ஒன்பது விதம். புடவைகளை ஒரு சூட்கேஸில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு இது என்ன பைத்தியம் என்று என் கணவர் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

ஆனால் நான் உண்மையில் தேடிய ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. ரயில் விளையாட்டு. நான் சின்னவளாக இருந்தபோது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அது இருந்தது. இந்தியா வரைபடம் அச்சடித்த அட்டை. திருச்சி ஜங்ஷனில் புறப்பட்டு, பகடை உருட்டிக்கொண்டே டெல்லி போய்ச் சேர வேண்டும். சில கட்டங்களில் சீட்டு எடுக்க வேண்டும். ‘இட்லி வாங்க இறங்கி ரயிலைத் தவறவிட்டீர்கள், விழுப்புரத்துக்குத் திரும்புங்கள்’ என்று ஒரு கொடூரமான சீட்டு உண்டு. என்னைவிட நாலு வயது பெரியவளான அக்காவுக்கு, டெல்லிக்கு இரண்டே கட்டம் இருக்கும்போது ஒருமுறை அது வந்தது. உரக்கப் படிக்க வேண்டியதை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள். அம்மா வந்து விசாரித்ததற்கு, எந்தச் சீட்டு என்று அக்கா திருப்பிக் கேட்டாள். பிற்பாடு கணக்கு டீச்சராகி, ஹெட்மிஸ்ட்ரஸாக ரிடையரானவளும் அவள்தான்.

வீடு மாறியபோது அந்தப் பெட்டி பழைய பேப்பரோடு போய்விட்டது.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் பரணைக் காலி செய்கிறார்கள் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். அக்காவும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். தான் வந்தது ரவிக்கைத் துணி வாங்கத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். ஏணியைக் காட்டினார். ஏறினேன். சிலேட்டுக் கட்டுகள், மை வற்றிய ஸ்டாம்ப் பேடுகள், அதற்கும் அடியில் நீல எஞ்சின் படம் போட்ட பெட்டி. மஞ்சளாகிப்போன கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது, கீழேயிருந்து அக்கா, “என்னடி, பல்லியா?” என்று கேட்டாள்.

முகமெல்லாம் தூசியோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பிரிக்காத பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் பிரிக்கக் கூடாது, வெயில் படாமல் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும் என்றெல்லாம் இரண்டு பேருக்கும் விளக்கினேன். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பார்க்கலாமா என்று வாங்கினாள். ஓரத்தில் நகத்தை வைத்து, ஒரே இழுப்பில் உறையைக் கிழித்தாள்.

“விளையாடறதுக்குத்தானேடி பண்ணியிருக்கா,” என்றாள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாகச் சீட்டுக்கட்டில் இட்லிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அக்கா மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கல்லா மேஜையிலேயே அட்டையை விரித்தோம். கடைக்காரர் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, தானும் சேரலாமா என்று கேட்டுப் பச்சை எஞ்சின் காயை எடுத்துக்கொண்டார். மகளுக்கு கிராஃப் நோட்டு வாங்க வந்த ஒரு பெண் காத்திருந்து காத்திருந்து மஞ்சளை எடுத்துக்கொண்டாள். கார்பன் பேப்பர் கேட்டு ஒருவர் வந்தார்.

“டெல்லி போயிட்டு வந்துடறேங்க, உக்காருங்க,” என்றார் கடைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவருக்கு விஜயவாடாவில் மூன்று சுற்று சிக்னல் விழவில்லை. கிராஃப் நோட்டுப் பெண் வரிசையாக ஆறு போட்டு ஜான்சியைத் தாண்டிப் பறந்தாள். பகடை அட்டையின் ஓரத்தில் விழுந்ததால் செல்லாது என்று அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் வாதாடினாள், எடுபடவில்லை. அந்தப் பெண் ஜெயித்து, இரண்டு கையையும் தூக்கி, பிறகு வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினோம். யாரும் எதுவும் வாங்கவில்லை. அக்கா ரவிக்கைத் துணியை மறந்தே போனாள்.

கிளம்பும்போது விலை கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“தரேங்க மேடம். ஆனா நான் ஒரு தடவையாவது ஜெயிச்சுடறேன், அப்புறம் எடுத்துட்டுப் போங்க.”

பெட்டி இன்னும் அவர் கடையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறோம். கிராஃப் நோட்டுப் பெண்ணும் தவறாமல் வருகிறாள். என் கணவர் ஒரு வாரம் சும்மா பார்க்க வந்தார். மறு வாரம் அவருக்கும் ஒரு எஞ்சின் தேவைப்பட்டது.

போன சனிக்கிழமை கடைக்காரர் டெல்லிக்கு ஒரே ஒரு கட்டம் பின்னால் நின்றார். கணக்காக ஒன்று விழுந்தால் அவர் ஜெயிப்பார், பெட்டி எனக்கு. அவர் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பெருமாளே, ஒன்று மட்டும் விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்து விழுந்தது. அடுத்து உருட்டிய கிராஃப் நோட்டுப் பெண் டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவரைவிட உற்சாகமாக நான் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க ஆரம்பித்தேன்.