சிவப்பு அலகுக்கு ஒரு சாட்சி

பல் செட்டுக்கு மெருகு போடும் மஞ்சள் துணியாலேயே பைனாகுலரையும் துடைக்கிறான், என் சின்னம்மாவின் மூத்த மகன். ஊதி ஊதித் துடைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் அப்புறம் அதை யாரும் தொடக் கூடாது. கட்டிய பெண்டாட்டி கேட்டாலும், "பல் செட்டும் பைனாகுலரும் ஒண்ணு. அடுத்தவங்களுக்குப் பொருந்தாது" என்பான்.

தொழில், பல் கட்டுவது. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பான், பறவையென்றால் அலகை. வருஷம் முழுக்க ஊராருக்குப் பல் கட்டிவிட்டு, லீவு நாளில் பல்லே இல்லாத ஜீவன்களைத் தேடிக் கடற்கரைக்குப் போகிறவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

குளிர் விட்டதும், வலசை வந்த பறவைகள் தங்கள் ஊருக்குத் திரும்பும். அப்போது கரையோரம் பறவை பார்க்கிற கூட்டம் ஒன்று கூடும். அவர்கள் சட்டம் ஒன்றுதான்: இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை வந்ததாக அர்த்தம். ஒருவர் மட்டும் பார்த்தால் அது வராத பறவை.

சில வருஷம் முன்னால் இவன் தனியாக சிப்பிபிடிப்பான் என்கிற அபூர்வப் பறவையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "கறுப்பு முதுகு, செக்கச்செவேல்னு நீட்டு அலகு!" பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற இவன் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "காக்காவா இருக்கும். அண்ணன் அதுக்குச் செவப்புல பல் செட் கட்டி விட்டிருப்பாரு." கூட்டமே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. வீடு வாசலுக்கு அடித்துக்கொண்டு பிரிந்த அண்ணன் தம்பிகள் எங்கள் வம்சத்தில் ஏராளம். காக்காய்க்காகப் பிரிந்தவர்கள் இவர்கள்தான்.

பிரிந்தாலும் வசந்தம் வந்தால் இருவருக்கும் அதே கரை, அதே விடியற்காலை. நடுவில் டீ பிளாஸ்க்கோடு நான்.

"அக்கா, அந்த ஆளத் தள்ளி நிக்கச் சொல்லு, மறைக்குது" என்பான் அண்ணன்.

"கடலையும் அவருதான் கட்டினாரான்னு கேளுக்கா" என்பான் தம்பி.

இந்த வருஷம் ஒரு நாள், மேகத்தைப் பார்த்து மற்றவர்கள் யாரும் வரவில்லை. இவன் திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"பாறை மேல பாருக்கா. அதேதான்!"

"எனக்கு ஏதோ கறுப்பாத் தெரியுதுப்பா."

"நீ சாட்சி சொன்னா எனக்கு வேற வினையே வேணாம்."

கரையில் வேறு கண் என்றால் தம்பியின் கண்தான். அவன் பைனாகுலரோ கண்ணாடியில் பூசணம் பிடித்தது. பறவை பக்கத்தில் வந்து நின்றாலும் அதில் தெரியாது. பாறை மேல் பறவை இறக்கையை விரித்து மடக்கியது.

"அக்கா, அந்த ஆள..." என்று ஆரம்பித்த அண்ணன் மீதியை விழுங்கினான். பைனாகுலரைக் கழற்றிக்கொண்டு தானே போய்த் தம்பி கழுத்தில் மாட்டினான்.

தம்பி வெகு நேரம் பார்த்தான். "செவப்புதாண்ணே" என்றான்.

"நான் கட்டலடா."

இத்தனை வருஷம் காத்திருந்த பறவை எழுந்து பறந்ததை இவன் பார்க்கவில்லை. பைனாகுலர் வாருக்கு அடியில் மடங்கிக் கிடந்த தம்பியின் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தான்.