அக்காவுக்குச் சொல்லாதீங்க

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இலை போடும் முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கடைசிப் பிள்ளையான என்னை எழுதச் சொன்னவர் எங்கள் அண்ணன். "நல்லது கெட்டது எல்லாத்தையும் எழுதும்மா, எதையும் மறைக்காத" என்றார். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கொடுத்த அனுமதியை நான் முழுசாகவே பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

அந்தக் கால மலாயாவில், தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் அக்கா பிறந்தார். அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்ச் சேர்ந்துவிட, அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துத்தான் எங்கள் மூவரையும் ஆளாக்கினார். சின்ன வயதில் அக்காவுக்கு அடிக்கடி காய்ச்சல் வரும், முட்டியும் மணிக்கட்டும் வீங்கிக்கொள்ளும். தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்சர் கசப்புத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார். அந்தக் காய்ச்சல் மூட்டுகளை விட்டுப் போகும்போது நெஞ்சில் ஒரு குறை வைத்துவிட்டுப் போனது என்பது பல வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு அக்காவும் வெட்டுக்குப் போனார். அவருக்கு அடுத்த மர நிரை மாரியாயி அக்காவுடையது. இருவரும் ஒரே வாளியில் தண்ணீர் குடித்தவர்கள், ஒரே சீட்டியில் ரவிக்கை தைத்துப் போட்டவர்கள். ஒருத்தர் நிரையில் வேலை தாமதமானால் மற்றவர் போய் முடித்துக் கொடுப்பார். அம்மா இறந்த பிறகு அக்காவுக்குத் தாயும் தோழியுமாக இருந்தவர் மாரியாயி அக்காதான்.

எழுபதுகளின் நடுவில் அக்காவுக்கு நெஞ்சு தாளம் தப்ப ஆரம்பித்தது. டிரஸ்சரிடம் போய், "நெஞ்சு படபடங்குதுங்க" என்று சொன்னார். பயந்த சுபாவம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார் அவர். மரத்தடியில் மயங்கி விழுந்து, சிந்திய பாலோடு தூக்கி வந்த அன்றுதான் இது பயமில்லை, நோய் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் படபடப்பு எப்படி இருக்கும் என்று நான் அக்காவிடம் கேட்டேன். "மழக்கால பஸ்ஸு மாதிரி. வரும் வரும்னு பாத்தா வராது, அப்புறம் ரெண்டு மூணு சேந்து வரும்" என்றார்.

அந்த நேரத்தில் கோப்பெங்கிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. நோயைப் பற்றி மூச்சு விடாதே என்று எல்லாரும் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். காப்பி கொண்டுபோன அக்கா, தட்டை வைத்த கையோடு மாப்பிள்ளையின் அம்மாவிடம், "எனக்கு நெஞ்சு ஒழுங்கா அடிக்காதுங்க. பின்னால தெரிஞ்சு நீங்க வருத்தப்பட வேணாம்" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாக எழுந்து போனார்கள். அதன் பிறகு வந்த இடங்களும் அப்படியே போயின. அக்கா தம் வாழ்நாளில் யாரிடமும் எதையும் மறைத்ததில்லை. அப்படிப்பட்டவரிடமிருந்துதான் இந்தக் குடும்பம் எல்லாவற்றையும் மறைத்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்து குனோங் ராபாட்டில் மலையடிவாரத்து வரிசை வீடொன்றில் குடியேறினோம். அண்ணனுக்கு ஈப்போ–தாப்பா பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அக்கா முன்னறையில் தையல் மிஷின் போட்டார். ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சை அடக்க ஒரு சின்ன மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்றும் கொடுத்தார்கள். பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுத் தூங்க வைத்து, நெஞ்சில் கரண்டு வைத்து, ஓடுகிற தாளத்தை ஒரே அடியில் நிறுத்தி மறுபடி ஒழுங்காக ஓட விடுவார்களாம். ஷாக் வைத்தியம் என்று பெயர்.

வீடு திரும்பிய அக்காவின் மார்பில் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் சிவந்த தடம் இருந்தது. ரவிக்கை உரசினால் எரியும் என்று ஒரு வாரம் என் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆளும் ரொம்பச் சோர்ந்திருந்தார், பாதிச் சோற்றில் கண் அசந்துவிடும். ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நெஞ்சு இருக்கா இல்லையான்னே தெரியலடி" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். மெல்ல மெல்லத் தெருமுனை வரை நடந்தார், பிறகு மார்க்கெட் வரை. கடைசியில் குகைக் கோயில் படிகளைக்கூட நிற்காமல் ஏறினார். ஒரு மத்தியானம் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தி, உதடு கோணி, "வந்திருச்சு" என்றார். தாளம் மறுபடியும் தப்பிவிட்டது.

இரண்டாம் முறை ஷாக் வைத்தார்கள். வீடு வந்து சேரும் முன்பே அது பழையபடி ஆகிவிட்டது. அந்த முறை கூடப் போனவர் அண்ணன். வார்டு வாசலில் டாக்டர் மலாயில் அவரிடம் சொன்னது இதுதான்: "லெப்பாஸ் இனி தா போலே பாகி ஷாக் லாகி." இனிமேல் இவருக்கு ஷாக் கொடுக்கக் கூடாது. அண்ணனுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதற்கு மேல் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்களை எல்லாம் பின்கட்டுக்கு அழைத்து, "தங்கச்சிக்கு இனி ஷாக் குடுத்தா உசிரு தங்காதாம். சாவுச் செய்தி, சண்டை சச்சரவு, எதுவும் அது காதுக்குப் போகக்கூடாது. சந்தோசமான சமாசாரங்கூட பட்டுன்னு சொல்லிடாதீங்க" என்று உத்தரவு போட்டார். எங்கள் வீட்டில் அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வாயாடியான நான்கூட அடங்கிப்போனேன்.

அன்றிலிருந்து அக்கா கூடத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர் மீன் விலையை எடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அண்ணன் மகன் பரீட்சையில் தவறியது அக்காவுக்குத் தெரியாது. அண்ணி மறுபடி முழுகாமல் இருந்ததை வயிறு பெருத்துச் சொன்ன பிறகுதான் அறிந்தார். தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவிப்பும் நினைவு அஞ்சலியும் வரும் தாளை அண்ணன் காலையிலேயே உருவி எடுத்துவிடுவார். மிச்சமிருக்கும் பத்திரிகையை அக்கா ஒன்றும் கேட்காமல் வாசிப்பார். தெருவில் இருப்பவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தோம். மிஷினுக்கு வந்து ரவிக்கை அளவு கொடுத்த பெண்கள் மழை வருமா வராதா என்பதைத் தாண்டிப் பேசமாட்டார்கள். "அக்காவுக்குச் சொல்லாதீங்க" என்பது எங்கள் வீட்டு வாசற்படியாகவே ஆகிவிட்டது, தாண்டாமல் யாரும் உள்ளே வரமுடியாது.

அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? தமக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதைத்தான் எல்லாரும் பின்கட்டில் குசுகுசுக்கிறார்கள் என்று நினைத்தார். யார் வாயையும் பார்க்கப் பிடிக்காமல் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு நிறைய ஆட்கள் இருந்தோம். ஆனால் அவருக்கு ஒருவரும் இல்லை.

ஒரே ஒரு ஆறுதல், தாப்பாவிலேயே தங்கிவிட்ட மாரியாயி அக்கா. அண்ணன்தான் தினம் தாப்பா போகிறவர் ஆயிற்றே. அவர் கையில் ஊறுகாயும் தைத்த ரவிக்கையும் கொடுத்து அனுப்புவார் அக்கா. "எப்படி இருக்கா மாரி?" என்று கேட்பார். "நல்லா இருக்கு, உன்ன ரொம்ப கேட்டுச்சு" என்பார் அண்ணன். தீபாவளிக்குத் தோழிக்கென்று மயில் கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கை, கைக்கு ஜரிகை வைத்துத் தைத்தார். அதையும் அண்ணன் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தீபாவளி கழிந்து சில வாரங்களில் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். மாரியாயி அக்காவின் மகள். ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று தேடி வந்திருந்தாள். எங்கள் தடை உத்தரவு அவளுக்கு எப்படித் தெரியும்? அக்கா ஆசையோடு அவள் கையைப் பிடித்து, "அம்மா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பெண் விழித்தாள். பிறகு முகம் சிவக்க, "அம்மா செத்து வருசம் திரும்பப் போவுதே அத்தை. காரியத்துக்குக்கூட நீங்க எட்டிப் பாக்கலையேன்னு எனக்கு இன்னும் ஆறல" என்றாள்.

அண்ணி அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். நான் அக்காவின் முதுகைத் தாங்கப் போனேன். அக்கா விழவில்லை. என் கையை மெல்ல விலக்கிவிட்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, எப்படிப் போனாள், கடைசியில் என்ன கேட்டாள், யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்த பிறகு அழுதார். லயத்தில் அழுவது போல், தெரு முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார். அழுது முடித்து எழுந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டார்.

வேலை முடிந்து அண்ணன் வந்தபோது, அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அண்ணி சொன்னார். அவர் பீரோவுக்கு மேலிருந்து ஒரு பையை எடுத்து வந்து அக்காவின் காலடியில் வைத்தார். ஒரு வருடமாக அக்கா கொடுத்தனுப்பிய ரவிக்கைகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தன. மனசு கேட்காமல் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார் பாவம். அக்கா மயில் கழுத்து ரவிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு நெஞ்சுலதான் கோளாறு அண்ணே. என் மாரிக்கு அழக்கூட என்னை விடலையே நீங்க."

அடுத்த முறை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். பொறுக்கமாட்டாமல் டாக்டரிடம், ஷாக் கொடுக்கக் கூடாது என்றார்களே, வீட்டில் பெரிய ஷாக்கே கொடுத்துவிட்டோம், ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிஸ்ஸி விளக்கிச் சொன்ன பிறகு, பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோலாலம்பூர் டாக்டர் சொன்னது கரண்டு ஷாக்கைத்தான். அக்காவின் நெஞ்சு வால்வு சுருங்கி, அறை பெருத்துவிட்டதால் எத்தனை முறை கரண்டு வைத்தாலும் தாளம் ஒழுங்காக நிலைக்காது, அதனால் இனி வேண்டாம் என்பதுதான் விஷயம். அக்கா மிஸ்ஸியிடம் மெதுவாக, "அப்போ நான் அழலாமா?" என்று கேட்டார். அழலாம், சிரிக்கலாம், சாவு வீட்டுக்கும் போகலாம், உப்பைத்தான் குறைக்க வேண்டும் என்று பதில் வந்தது. திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கரண்டு ஷாக்காம்லா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குனோங் ராபாட்டில் இறங்கும்போது பார்த்தேன், கன்னம் நனைந்திருந்தது.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அண்ணன் மாறினார். ஆனால் அவரால் ஊர் வாயைத் திறக்க முடியவில்லை. பழகிப்போன உறவுகள் அக்காவைக் கண்டால் அப்போதும் மீன் விலைக்கே தாவினார்கள். உங்களில் பலரும் அதில் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவும் கேட்பதை விட்டுவிட்டார். "சொல்றவங்க சொல்லட்டும்டி" என்பார். எனக்குக் கல்யாணமாகி நான் கோப்பெங் போன பிறகு அவருக்கு மிஷின் சத்தம்தான் துணை. மாரியாயி அக்காவின் மகள் மட்டும் விடுமுறைதோறும் வந்து தொழிற்சாலைக் கதை, சண்டைக் கதை, காதல் கதை என்று ஒன்று விடாமல் கொட்டுவாள். அந்த மயில் கழுத்து ரவிக்கையை அக்கா பிரித்து அவள் அளவுக்குப் பிடித்துக் கொடுத்தார்.

போன வருடம் ரத்தக்கட்டி ஒன்று நெஞ்சிலிருந்து மூளைக்கு ஏறி அக்காவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. காது மட்டும் கேட்டது. கண் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. டாக்டர் கைவிரித்தபோது கட்டிலைச் சுற்றி நின்ற உறவுகள் பழைய வழக்கப்படியே கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள். யாரோ "நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றுகூடச் சொன்னார்கள். அண்ணன் அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். அக்காவின் இடக்கையை எடுத்துத் தம் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, டாக்டரு இனி முடியாதுன்னுட்டாரு. வீட்டுக்குப் போறது கஷ்டம்தான். நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம். நான் எங்கயும் போகல."

அக்கா அவரையே பார்த்தார். அந்த இடக்கை அவர் விரலை இறுக்கிப் பிடித்தது. பிறகு ரொம்ப நாள் கழித்துத் தூங்குகிறவரைப் போல் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் மாலை அதே பிடியில் போனார்.

அக்காவைத் தாங்கிய ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார்களுக்கும், பாடை கட்டிய குனோங் ராபாட் இளைஞர்களுக்கும், பதினாறு நாளும் வீட்டைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. வாசலில் வந்து நின்று உள்ளதைச் சொன்ன மாரியாயி அக்காவின் மகளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் நோயில் கிடப்பவர் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொல்லுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் பத்திரிகையின் நினைவு அஞ்சலித் தாளில் அக்காவின் படம் வந்தது. விடியற்காலையில் அண்ணன் பத்திரிகையை எடுத்து வந்தார். பழக்கத்தில் அந்தத் தாளின் ஓரத்தைக் கை பிடித்தது. பிடித்த கையை எடுத்துவிட்டு, முழுப் பத்திரிகையையும் மடித்துத் தையல் மிஷின் மேல் வைத்தார்.